மிக்கியின் கச்சேரி மண்டபத்தில் 12 நிமிடங்கள்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்பவர்கள் வீட்டிலேயே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். மலையேறி இறங்கும் ரயில்கள், இளவரசிகளைச் சந்திக்கும் மண்டபம், இரவு வாணவேடிக்கை என்று அந்தப் பட்டியல் நீளும். 'மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக்' என்ற குறும்படம் அதில் இடம்பெற்றாலும், நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் கடைசி வரியில்தான் இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு நான் முதன்முறை போனபோது எங்கள் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு உறவினர்களையும் நண்பர்களையும் பலமுறை அழைத்துச் சென்றுவிட்டேன்; இன்று யார் கேட்டாலும், தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தை வரை எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரிக்கக்கூடிய இடம் அந்தப் பூங்காவில் இதுதான் என்று சொல்லி, இதற்கென்று நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். புதிதாகச் செல்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, வீட்டிலிருந்து கிளம்புவது முதல் மண்டபத்தை விட்டு வெளியேறுவது வரையிலான ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிக்கி மவுஸ் ஓர் இசைக்குழுவின் நடத்துநர். கச்சேரி தொடங்குமுன் வாத்தியங்களை மேடையில் எடுத்து வைக்கும் பொறுப்பு டொனால்ட் டக்கிடம் விடப்படுகிறது. தொடக்கூடாது என்று சொல்லிவைத்த மந்திரத் தொப்பியை டொனால்ட் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள, வாத்தியங்கள் அவனுக்கு அடங்காமல் கிளர்ந்தெழுந்து, அவனை ஒரு டிஸ்னி படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி எறிந்துகொண்டே போகின்றன. கதை இவ்வளவே. 2003 அக்டோபரில் திரையிடப்பட்ட இந்தப் படத்தை ஜார்ஜ் ஸ்கிரிப்னர் இயக்கினார். கடற்கன்னி ஏரியல், மெழுகுவர்த்தித் தாங்கி லூமியேர் போன்று டிஸ்னி படங்களில் கையால் வரையப்பட்டு வந்த பாத்திரங்கள் இந்தப் படத்தில் கணினியில் முப்பரிமாண உருவம் பெற்று அசைந்தன. 2021 நவம்பரில் கோகோ படத்தின் உலகமும் ஒரு புதிய பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

திரையில் தெரிவது ஒரு பாதிதான். படத்தில் காற்று வீசினால் நம் முகத்திலும் காற்று படும். தண்ணீர் தெறித்தால் சில துளிகள் நம்மேலும் விழும். விருந்து பரிமாறப்படும்போது 'ஆப்பிள் பை' என்ற இனிப்புப் பலகாரத்தின் மணம் மூக்குக்கு எட்டும். தோலும் மூக்கும் சேர்ந்து அனுபவிக்கும் இத்தகைய படங்களைத்தான் 'ஃபோர் டி' (4D) என்று பொதுவாக அழைக்கிறார்கள். திரையரங்கில் த்ரீடி படம் பார்த்துப் பழகியவர்களுக்கும் இது புதிய அனுபவமாகவே இருக்கும்.

கிளம்புமுன்

இந்தப் படத்துக்கென்று தனி நுழைவுச்சீட்டு கிடையாது. பூங்காவுக்குள் நுழைய வாங்கும் சீட்டிலேயே இது அடங்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். வரிசையில் காத்திருப்பதைக் குறைப்பதற்காகப் பூங்கா நிர்வாகம் 'லைட்னிங் லேன்' என்ற பெயரில் தனிக்கட்டணச் சலுகை ஒன்றை விற்கிறது. அதில் தேர்ந்தெடுக்கக்கூடியவற்றுள் இந்தப் படமும் ஒன்று என்றாலும், அந்த வாய்ப்பை இதில் செலவழிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பெரிய அரங்கம் என்பதால் ஒரே காட்சியில் ஏராளமானோர் உள்ளே போய்விடுகிறார்கள். சாதாரண நாட்களில் அடுத்த காட்சிக்கு இடம் கிடைத்துவிடும். அந்தச் சலுகையை, பக்கத்திலேயே இருக்கும் பீட்டர் பேன் சவாரி போன்று வரிசை எப்போதும் நீண்டு கிடப்பவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வையை மறக்காமல் எடுத்து வையுங்கள். ஃப்ளோரிடா வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து, திடீரென்று குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் உட்காரும்போது வயதானவர்களுக்கு உடம்பு நடுங்கிவிடும். அதற்குமேல் சில துளி தண்ணீரும் விழப்போகிறது. கைக்குட்டை ஒன்று இருந்தால் கண்ணாடி துடைக்கவும் உதவும்.

மண்டபத்தைச் சென்றடைதல்

காரில் வருபவர்கள் நேராகப் பூங்காவின் வாசலில் இறங்க முடியாது என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வாகனம் நிறுத்துமிடம் ஓர் ஏரிக்கு இக்கரையில் இருக்கிறது. அங்கே சோதனை முடித்துக்கொண்டு, மோனோரயிலிலோ பெரிய படகிலோ அக்கரைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகும்போது நான் படகையே தேர்ந்தெடுக்கிறேன். ஏரியைக் கடக்கும்போது எதிர்க்கரையில் கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருவதைப் பார்ப்பது பெரியவர்களுக்கும் பிடிக்கிறது. வண்டியை நிறுத்தியது முதல் வாசலைக் கடப்பது வரை முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலைக் கடந்தால் மெயின் ஸ்ட்ரீட் என்ற கடைவீதி. அதன் முடிவில் 189 அடி உயரமுள்ள சிண்ட்ரெல்லா கோட்டை. கோட்டையின் நடுவே உள்ள வழியாகப் புகுந்து பின்பக்கம் வந்தால் ஃபேன்டஸிலேண்ட் என்ற பகுதி தொடங்கும். எதிரே குதிரை ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கிருந்து இடது கைப் பக்கம் திரும்பினால் ஃபில்ஹார்மேஜிக் மண்டபம் தெரிந்துவிடும். கோட்டையின் முன்மேடையில் நடன நிகழ்ச்சி நடக்கும் நேரங்களில் நடுவழியை அடைத்துவிடுவார்கள். அப்போது திகைத்து நிற்காமல், இடப்புறம் லிபர்ட்டி ஸ்கொயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரலாம்.

இந்த மண்டபத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறக்கப்பட்டபோது இதே அரங்கில் 'மிக்கி மவுஸ் ரெவ்யூ' என்ற இயந்திரப் பொம்மைகளின் இசைநிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பொம்மைகள் 1980-இல் இங்கிருந்து கழற்றப்பட்டு, 1983-இல் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலேண்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே 2009 வரை வாசித்தன. பிறகு அந்த டோக்கியோ அரங்கிலும் 2011-இல் ஃபில்ஹார்மேஜிக்கே வந்து அமர்ந்தது. கடல் கடந்த இரண்டு அரங்குகளிலும் மிக்கியின் ஒரு கச்சேரி முடிந்த இடத்திலேயே இன்னொரு கச்சேரி தொடங்கியிருப்பது, பழையதை மதிக்கத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவாகவே எனக்குப் படுகிறது.

எந்த நேரத்தில் போவது

காலையில் பூங்கா திறந்ததும் இங்கே ஓடி வருவது வீண். வரிசைகள் குறைவாக இருக்கும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தைச் சவாரிகளுக்குக் கொடுங்கள். இந்தப் படத்துக்கு ஏற்ற வேளை பகல் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்டது. சாப்பிட்டு முடித்து, வெயில் உச்சியில் அடித்து, குழந்தை சிணுங்கத் தொடங்கி, பெரியவர்கள் எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று சொல்லும் அந்த நேரத்தில், குளிர்ந்த மண்டபமும் முதுகு சாய இருக்கையும் கிடைப்பது பெரிய ஆறுதல். கோடை மாதங்களில் ஃப்ளோரிடாவில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது அன்றாட நடப்பு. மின்னல் வெட்டினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். இது மூடிய அரங்கம் என்பதால் காட்சிகள் தொடரும். ஆனால் மழை வந்த பிறகு எல்லோரும் இங்கேதான் ஓடி வருவார்கள். வானம் கறுக்கத் தொடங்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். பாதித் தூக்கத்தில் எழுப்பி இருட்டறைக்குள் கொண்டுபோகும் குழந்தை அழாமல் இருக்காது.

முன்கூடமும் கண்ணாடியும்

குழந்தைகளின் தள்ளுவண்டிகளை வெளியே அதற்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் விட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதிலிருந்து இறங்காமலே உள்ளே வந்து படம் பார்க்கலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொன்னால் உரிய வழியையும் இடத்தையும் காட்டுவார்கள்.

உள்ளே நுழைந்ததும் கச்சேரி மண்டபத்தின் முன்கூடம் போன்ற ஓர் இடம் வரும். சுவரில் டிஸ்னி பாத்திரங்கள் நடத்திய இசைநிகழ்ச்சிகளின் விளம்பரங்களாக ஓவியங்கள் தொங்கும். அவற்றை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். 'ஏரியலின் கோரல் குழு' என்று ஒன்றில் இருக்கும். சேர்ந்திசைக்கும் பவளத்துக்கும் ஆங்கிலத்தில் ஒலி ஏறக்குறைய ஒன்று என்பதால், கடற்கன்னிக்குப் பொருத்தமாகச் செய்த சிலேடை அது. காளமேகத்தின் சிலேடைகளைக் கேட்டு வளர்ந்த என் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னதும், மற்ற ஓவியங்களையும் ஒவ்வொன்றாக நின்று படித்துக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து த்ரீடி கண்ணாடி கொடுப்பார்கள். கச்சேரி மண்டபத்தின் பாவனை கெடாமல் இருக்க அதை 'ஓபரா கண்ணாடி' என்றே குறிப்பிடுவார்கள். வேறு ஏதோ பொருள் என்று தேட வேண்டாம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு அப்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைரேகையோ கீறலோ இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்ற வேண்டியதில்லை. அதன்மேலேயே மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கண்ணாடி அகலமானது.

இந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதைச் சரியாக அணிவது எளிது. நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை பொருளின் தூரத்தைக் கணிக்கிறது. திரையிலும் அவ்வாறே இரண்டு கண்களுக்கும் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கண்ணாடியின் இரு வில்லைகளும் வெவ்வேறு வகையில் துருவப்பட்ட (அதாவது குறிப்பிட்ட ஒரு திசையில் மட்டும் அதிரும்) ஒளியை மட்டும் அனுமதிப்பதால், வலக்கண்ணுக்குரியது வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்குரியது இடக்கண்ணுக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே தலையை நேராக வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தால் உருவங்கள் இரட்டையாகத் தெரியத் தொடங்கும், தலையும் வலிக்கும். கண்ணாடி குழந்தையின் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தால், மாறுகண் போல ஒரு பக்கம் சரியாமல், இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு ஆழம் தெரியாமல் போகலாம். அவர்களுக்கும் இசையும் காற்றும் மணமும் குறையப்போவதில்லை.

இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அரங்கின் கதவுகள் ஒரு பக்கம் திறக்கும். வெளியேறும் கதவுகள் எதிர்ப்பக்கம் இருக்கும். உள்ளே போகிறவர்கள் தாம் நுழைந்த வரிசையில் கடைசி இருக்கை வரை நகர்ந்து போய் உட்கார வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டுக்கொள்வார்கள். பின்னால் வருபவர்களுக்கு வழிவிட அது அவசியமும்கூட. கதவு திறந்ததும் முண்டியடித்து முதலில் புகுந்தவர், அந்த ஒழுங்கின்படி வரிசையின் மறுகோடிக்குத்தான் போய்ச் சேருவார். நடுவில் உட்கார விரும்புகிறவர், கதவருகே சற்றுப் பின்தங்கி, இரண்டு மூன்று குடும்பங்களை முன்னே விட்டுவிட்டு நுழைய வேண்டும். முந்துகிறவனுக்கே நல்ல இடம் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் மனவலிமை தேவைப்படும் காரியம்.

முன்வரிசை, பின்வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். படம் தொடங்கும்போது சாதாரண அளவுள்ள ஒரு மேடையும் அதன் திரைச்சீலையும் மட்டுமே தெரியும். சிறிது நேரத்தில் பக்கச்சுவர்கள் விலகி, 150 அடி அகலமும் 28 அடி உயரமும் கொண்ட ஒரே திரை நம்மைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். முதன்முறை போனபோது அந்தச் சின்ன மேடையை நம்பி, பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மூன்றாவது வரிசைக்கு அழைத்துப் போய்விட்டேன். திரை விரிந்ததும் அம்மா இடமும் வலமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று; படம் முடியுமுன்பே கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கண் முன்னே நீண்டு வரும் உருவங்களும் அவ்வளவு அருகில் இருந்து பார்க்கும்போது தெளிவாக நிற்பதில்லை. அரங்கின் மொத்த ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவாக உட்காருவதே சிறந்தது. அங்கிருந்து திரையின் இரு ஓரங்களும் தலையைத் திருப்பாமலே கண்ணுக்குள் அடங்கும். மேலும், படத்தின் கடைசி நிகழ்ச்சி திரைக்கு வெளியே நடக்கிறது. அதைப் பார்க்கவும் பின்வரிசையே வசதி.

குழந்தையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வையுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் இருப்பதே நலம்.

குழந்தையிடம் முன்பே சொல்ல வேண்டியவை

இந்தப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் குழந்தைகள் அழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழவைப்பது படத்தின் கதை அன்று. இருட்டும், எதிர்பாராத தொடுகையும்தான். யாரோ தன்மீது ஊதியது போலவும் தண்ணீர் தெளித்தது போலவும் உணர்ந்த குழந்தை, அது யார் என்று தெரியாமல் பயப்படுகிறது. பயந்த பிறகு கண்ணாடியைக் கழற்றிவிடும், கழற்றினால் திரையில் எல்லாம் கலங்கி இரட்டையாகத் தெரியும், பயம் இரட்டிப்பாகும்.

ஆகவே முன்கூடத்தில் காத்திருக்கும்போதே நான்கு செய்திகளைச் சொல்லிவைக்கிறேன். முதலில் விளக்கு அணையும், ஆனால் அப்பாவின் கை உன் கையிலேயே இருக்கும். சாப்பாட்டுப் பாட்டு வரும்போது நல்ல வாசனை வரும். என்ன வாசனை என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். துடைப்பங்கள் வாளி தூக்கிக்கொண்டு வரும்போது மழைத்தூறல் போல உன்மேல் தண்ணீர் விழும். டொனால்ட் பறக்கும்போது உனக்கும் காற்றடிக்கும். இப்படிச் சொல்லிவிட்டால், பயப்பட வேண்டிய ஒவ்வொன்றும் குழந்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் விளையாட்டாகிவிடும். என் மகள் துடைப்பங்களைக் கண்டதும் தாத்தாவின் பக்கம் திரும்பி, "தாத்தா, இப்ப தண்ணி வரும் பாரு" என்று எச்சரித்தாள். தாத்தா நம்பாமல் இருந்தார். அடுத்த நொடியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி நிகழ்ச்சியை மட்டும் சொல்லாதீர்கள். அதை இந்தக் கட்டுரையிலும் பின்னால் தான் வைத்திருக்கிறேன்; முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் 'படம் முடிந்த பிறகு' என்ற பகுதியை விட்டுவிடலாம்.

படம் ஓடும்போது

தொடங்குமுன் கூஃபியின் குரல் அரங்கின் பக்கங்களிலிருந்து கேட்கும். மேடை மேலாளரான அவன் திரைக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்து திரிவது போல ஒலி இடம்விட்டு இடம் நகரும். அந்த ஒலியைக் காதால் தொடர்ந்து பாருங்கள். திரை திறக்குமுன்னரே அரங்கம் முழுவதும் மேடையாகிவிட்டது என்பது புரியும்.

முதலில் வருவது மெழுகுவர்த்தித் தாங்கியான லூமியேர் நடத்தும் விருந்து. உணவுத் தட்டுகள் கண்முன் மிதந்து வரும்போது ஆப்பிள் பையின் மணம் வரும். மணத்தை அரங்கில் பரப்புவது எளிது, பரப்பியதை அகற்றுவதுதான் கடினம். ஒன்று தங்கிவிட்டால் அடுத்த காட்சி கடலுக்கடியில் நடந்தாலும் ஆப்பிள் வாசனையே அடித்துக்கொண்டிருக்கும். அதனால் இவ்வகைப் படங்களில் மணத்தை மிகச் சிறிய அளவில், ஒரு சில நொடிகள் மட்டுமே விடுகிறார்கள். அந்த நொடியில் பேசிக்கொண்டோ கைபேசியைப் பார்த்துக்கொண்டோ இருந்தால் தவறிப்போகும். தண்ணீரும் அப்படியே சில துளிகள்தான். திரையில் வெள்ளம் பெருகுவதைக் கண்ணும் அதன் இரைச்சலைக் காதும் ஏற்கெனவே நம்பிவிட்டதால், நெற்றியில் விழும் ஒரு துளியே போதுமானதாகிவிடுகிறது. மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது. இவை அனைத்தும் படத்தின் ஓட்டத்தோடு நொடிக்கணக்கில் பிணைக்கப்பட்டுக் கணினியால் இயக்கப்படுகின்றன. காற்று அரை நொடி தாமதமாக வந்தாலும் மூளை ஏமாற மறுத்துவிடும்.

கடலடியில் ஏரியல் பாடும் பகுதியை என்னால் விரைவாகக் கடந்துபோக முடியவில்லை. அவள் சேர்த்து வைத்த மணிகளும் நகைகளும் திரையிலிருந்து மெல்லப் பிரிந்து, நம் மூக்கு நுனிக்கு ஒரு சாண் தொலைவில் மிதந்து நிற்கும். அப்போது ஒரு கணம் திரையை விட்டுவிட்டு அரங்கைப் பாருங்கள். இருட்டில் எத்தனையோ கைகள் ஒன்றுமில்லாத வெளியை நோக்கி நீண்டிருக்கும். எழுபது வயதைத் தொட்ட என் அம்மா, வளையல் குலுங்க வலக்கையை நீட்டி, இரண்டு விரலால் ஒரு கல்லை எடுக்கப் பார்த்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் பேத்தியின் கையும் அதே கல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

சிங்கக்குட்டி சிம்பாவின் பாட்டும், கோகோ படத்தின் இசையும், லண்டன் நகரின் மேலே பீட்டர் பேனோடு பறப்பதும், அலாவுதீனின் கம்பளப் பயணமும் பிறகு வருகின்றன. பாடல்கள் ஆங்கிலத்தில் இருப்பது பெரியவர்களுக்குத் தடையாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். டொனால்டின் பேச்சு ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே பாதிதான் புரியும்; அவன் கோபமும் அவசரமும் உடலசைவிலேயே வந்துவிடுகின்றன. டொனால்டின் குரலில் பெரும்பகுதி, 1934 முதல் அவனுக்குக் குரல் கொடுத்து 1985-இல் மறைந்த கிளாரன்ஸ் நாஷின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டது. மறைந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த படத்தில் அந்தக் குரல் சிரிப்பை வரவழைப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

உடல்நிலை குறித்து

உயரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இருக்கைகள் அசைவதோ குலுங்குவதோ கிடையாது. ஆகவே கருவுற்றிருப்பவர்களும் முதுகுவலி உள்ளவர்களும் கவலையின்றி உட்காரலாம். பறக்கும் காட்சிகளில் சிலருக்குத் தலைசுற்றல் வரக்கூடும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, சில நொடிகள் தரையைப் பார்த்தால் சரியாகிவிடும். வேகமாக மாறும் ஒளியால் வலிப்பு வரும் இயல்புடையவர்களும், மணத்தால் மூச்சுத்திணறல் ஏற்படுபவர்களும் உள்ளே போகுமுன் ஊழியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ஒலி உரக்கவே இருக்கும். கைக்குழந்தைகளுக்குக் காதடைப்பான் இருந்தால் கொண்டுவாருங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கான உதவிக் கருவிகள் பூங்கா வாசலருகே உள்ள விருந்தினர் சேவை அலுவலகத்தில் கிடைக்கும். மண்டபத்துக்கு வந்த பிறகு அதற்காகத் திரும்பிப் போவது பெரிய நடை என்பதால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் வெளியேறும் பக்கக் கதவை நோக்கிச் செல்லுங்கள். ஒளிவிளக்குடன் புகைப்படம் எடுக்கக்கூடாது. த்ரீடி படத்தைக் கைபேசியில் எடுத்தால் கலங்கலாகத்தான் பதியும் என்பதால் எடுத்தும் பயனில்லை.

படம் முடிந்த பிறகு

இறுதியில் மிக்கி தன் தொப்பியை மீட்டுக்கொள்ள, டொனால்ட் பெரிய ஊதுகுழல் ஒன்றில் அகப்பட்டு, அதிலிருந்து பீரங்கிக் குண்டைப் போலப் பார்வையாளர்களின் தலைக்கு மேலாக வீசப்படுகிறான். புதியவர்கள் கைதட்டிவிட்டு எழுந்து கதவை நோக்கி நடக்கத் தொடங்குவது அப்போதுதான். எழாதீர்கள், உட்கார்ந்தபடியே பின்னால் திரும்புங்கள். அரங்கின் பின்சுவரில் டொனால்ட் தலைகீழாகச் செருகிக்கொண்டு, வாலும் கால்களும் வெளியே துடிக்க நின்றிருப்பான். அது திரைப்படம் அன்று, நிஜமாகவே அசையும் இயந்திர உருவம். பன்னிரண்டு நிமிடங்களாகக் கைக்கு அகப்படாமல் மிதந்தவற்றையே பார்த்துவந்த குழந்தைக்கு, கண்ணாடியைக் கழற்றிய பின்னும் மறையாத டொனால்ட் கிடைக்கிறான். நான் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியை ஒருமுறை மாட்டியும் ஒருமுறை கழற்றியும் பார்த்துவிட்டு, "இது நெஜம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

வேறு ஊர்களில்

இந்தப் படத்தைப் பார்க்க ஃப்ளோரிடாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 2005-இல் பூங்கா திறந்த நாள் முதலே உண்டு. சன்னி பே நிலையத்தில் மாறி டிஸ்னிலேண்டுக்கென்றே ஓடும் ரயிலில் போய்விடலாம் என்பதால், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சுற்றுலா செல்லும் நம்மவர்களுக்கு அதுவே கிட்டியது. டோக்கியோவை முன்பே குறிப்பிட்டேன். பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு 2018-இலும், கலிஃபோர்னியாவின் டிஸ்னி அட்வென்ச்சர் பூங்காவுக்கு 2019-இலும் வந்தது. பாரிஸில் லா ஷப்பேல் பகுதியைச் சுற்றி வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு, 'ஆர்இஆர் ஏ' ரயிலின் கடைசி நிலையமான மார்ன் லா வாலே ஷெஸ்ஸியில் இறங்கினால் பூங்கா வாசல் எதிரிலேயே இருக்கும். நான் சொன்ன 150 அடித் திரை ஃப்ளோரிடா அரங்குக்குரியது. மற்ற இடங்களில் மண்டபத்தின் அமைப்பு வேறு. ஆனாலும் நடுவாகவும் சற்றுப் பின்னாகவும் உட்காருவது எங்கேயும் பொருந்தும். சில பூங்காக்களில் அரங்கைப் புதிய படங்களின் முன்னோட்டத்துக்காக இடையிடையே எடுத்துக்கொள்வதுண்டு என்பதால், போகும் நாளின் நிகழ்ச்சி நேரத்தைப் பூங்காவின் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் கதவருகே பெரிய தொட்டிகள் இருக்கும். கண்ணாடிகளை அவற்றில் போட்டுவிட வேண்டும். மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து மாட்டியிருந்தவர்கள், அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாமல் ஒருமுறை முகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெளியே வரும் வழி ஒரு கடையின் உள்ளாகப் போகிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தால் இரண்டே நிமிடத்தில் வெயிலுக்கு வந்துவிடலாம். தள்ளுவண்டி விட்ட இடத்தில் இல்லை என்றால் பதற வேண்டாம். வழி அடைபடாமல் இருக்க ஊழியர்கள் அவற்றை ஒழுங்குபடுத்தி நகர்த்தி வைப்பது வழக்கம். பெரும்பாலும் அடுத்த வரிசையிலேயே இருக்கும். ஒரே மாதிரியான வண்டிகள் நூறு நிற்கும் இடத்தில் உங்களுடையதை எளிதில் கண்டுகொள்ள, கைப்பிடியில் ஒரு வண்ணத் துணியைக் காலையிலேயே கட்டி வையுங்கள். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் கிழித்த சிவப்புத் துண்டுதான் எங்கள் வண்டிக்கு அடையாளம்.